மிதியை விட்டதும் த்ராட்டில் மூட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகன இணைப்பில் அமெரிக்க ஹாட் ராட் கார்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டுகளையும் பானட்டையும் கழற்றிப் போட்டு எடையைக் குறைத்து, இன்ஜினின் வேகத்தைக் கூட்டி, முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்த தென் கலிபோர்னிய இளைஞர்களின் கதையைத் தமிழில் படிப்பது அரிது. ஆனால், ஆக்சிலரேட்டர் மிதியைப் பற்றிய பத்தி மட்டும் என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது. பழங்கால மிதி ஒன்றைத் தரைப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, அதிலிருந்து ஒரு கம்பியை, இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டருக்குக் கொண்டுபோனால் வேலை முடிந்துவிடும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. இத்தகைய கார்களைக் கட்டும் பட்டறை ஒன்றில் ஓய்வு நாட்களில் கைவேலை செய்பவன் என்ற முறையில், அந்த வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். ஃபோர்டு மாடல் டி காரின் வலக்கோடி மிதியை ஆக்சிலரேட்டர் என்று படக்குறிப்பில் எழுதியிருந்தார்கள், அது பிரேக். 1908இல் வந்த அந்தக் காரில் மூன்று மிதிகள் இருந்தும், கார்புரேட்டரில் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலைத் திறப்பதற்கு ஸ்டியரிங்கின் அடியில் கையால் நகர்த்தும் சிறு நெம்புகோல்தான் இருந்தது. 1928 மாடலாக வந்த மாடல் ஏ காரில்தான் அந்தக் கை நெம்புகோலோடு காலால் அழுத்தும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்தது.

ஒரு தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் மிதியின் நீளம், கம்பியின் போக்கு, கார்புரேட்டர் நெம்புகோலின் அளவு ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துத் தீர்மானித்திருப்பார்கள். ஹாட் ராட் காரில் அப்படி ஒரு வரைபடமே கிடையாது. சேஸி (அடிச்சட்டம்) 1932ஆம் ஆண்டு ஃபோர்டுடையதாக இருக்கும். இன்ஜின் இருபது ஆண்டுகளுக்குப் பிந்தையதாக இருக்கும். அதன் மேல் 1930களின் ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்கள் இரண்டோ மூன்றோ அமர்ந்திருக்கும். மிதியோ ஹாட் ராட் உதிரிப் பாகங்கள் தயாரித்த டீன் மூன் விற்பனைக்குக் கொண்டுவந்த, வெறுங்காலின் அச்சில் வார்த்த அலுமினிய மிதியாக இருக்கும். ஒன்றையொன்று அறியாத இந்த உறுப்புகளுக்கு இடையில் கணக்குப் போட்டு உறவு ஏற்படுத்துவதுதான் பொருத்துபவரின் வேலை, அந்தக் கணக்கை மிதியிலிருந்து அல்ல, கார்புரேட்டரிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கார்புரேட்டர் நெம்புகோலில் கம்பி மாட்டும் துளை த்ராட்டில் தண்டின் மையத்திலிருந்து 38 மி.மீ. தள்ளி இருப்பதாகவும், முழுமையாக மூடிய நிலையிலிருந்து முழுமையாகத் திறப்பதற்கு அது 75 பாகை சுழல்வதாகவும் வைத்துக்கொண்டால், கம்பி ஏறத்தாழ 46 மி.மீ. நகர வேண்டும். கால் 75 மி.மீ. தாழ்ந்தால் போதும் என்று முடிவுசெய்தால், மிதியின் சுழல்மையத்திலிருந்து கால் படும் இடம் 200 மி.மீ. தொலைவிலும், கம்பி மாட்டும் இடம் சுமார் 123 மி.மீ. தொலைவிலும் அமைய வேண்டும். கம்பி மாட்டும் கரத்தை இதைவிட மிகவும் குட்டையாக்கினால் மிதி தரையைத் தொட்ட பிறகும் த்ராட்டில் முழுமையாகத் திறக்காது; மிகவும் நீளமாக்கினால் சிறிது அழுத்தியதுமே கார் பாயும். த்ராட்டிலுக்குள் சுழலும் பட்டர்ஃபிளை தகடு திறக்கத் தொடங்கும் முதல் சில பாகைகளிலேயே காற்றின் அளவு வேகமாகக் கூடுவதால், நகரத் தெருவில் மெதுவாக ஓட்டும்போது இந்தக் குறை ஓட்டுபவரைப் படுத்தி எடுத்துவிடும்.

மிதி கீழே வந்து நிற்கும் இடத்தில் தரையில் ஒரு தடை கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத காரில் ஓட்டுபவரின் காலின் முழு வலிமையும் கார்புரேட்டரின் மெல்லிய தண்டின் மீது இறங்கி, நெம்புகோலை வளைத்துவிடும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் இருக்கையில் அமர்ந்து மிதியை அழுத்த, மற்றொருவர் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்து, தகடு செங்குத்தாக நிற்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் தடையின் உயரத்தை முடிவுசெய்ய வேண்டும்.

இதுவரை சொன்னது த்ராட்டிலைத் திறப்பதைப் பற்றியது. கட்டுரையில் ஒரு சொல்கூட இடம்பெறாதது, அது மூடுவதைப் பற்றித்தான். திறக்காத த்ராட்டிலால் கார் மெதுவாகப் போகும், அவ்வளவே. மூடாத த்ராட்டிலால் உயிர் போகும். மிதியின் அடியில் ஒரு ஸ்பிரிங் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வழியில் இணைப்பைப் பூட்டும் காட்டர் பின் ஒன்று விழுந்து கம்பி கழன்றுகொண்டால், அந்த ஸ்பிரிங் மிதியை மட்டுமே மேலே தூக்கும். கார்புரேட்டர் திறந்த நிலையிலேயே நிற்கும். ஆகவே திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் கார்புரேட்டர் நெம்புகோலிலேயே மாட்டப்பட வேண்டும், ஒன்றல்ல, இரண்டு. அந்த இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டுவதை இங்கே பல கார்களில் காண்கிறேன். கொக்கி முறிந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும் என்பதால் அதை இரட்டைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஸ்பிரிங்குகள் நெம்புகோல் சுழலும் தளத்திலேயே இழுக்க வேண்டும் என்பதும் முக்கியம். பக்கவாட்டில் இழுத்தால் தண்டும் அது சுழலும் துளையும் தேய்ந்து, அவ்வழியே காற்று புகுந்து, இன்ஜின் ஐடிலில் (மிதியை அழுத்தாதபோது ஓடும் குறைந்த வேகத்தில்) சீராக ஓடாமல் போகும்.

இது என் சொந்த அச்சமன்று. அமெரிக்க நடுவண் அரசின் 124ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி 1973 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. த்ராட்டிலை ஐடில் நிலைக்குத் திருப்பக்கூடிய விசைமூலங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்றும், இணைப்பு அறுந்தாலும் த்ராட்டில் மூட வேண்டும் என்றும், சாதாரணக் கார்களில் மிதியை விட்ட ஒரு நொடிக்குள் அது நிகழ வேண்டும் என்றும் அந்த விதி கூறுகிறது. 1932ஆம் ஆண்டுக் காரை இவ்விதி கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால், முடுக்கப் பந்தயங்களை நடத்தும் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிமுறைகளும் கார்புரேட்டர் நெம்புகோலில் நேரடியாக மாட்டிய ஸ்பிரிங்கைக் கேட்கின்றன. கம்பியும் கரமும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து, அதையும் தாண்டிப் போய்த் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளாதபடி தடை வைக்க வேண்டும் என்றும் அவை வலியுறுத்துகின்றன. பாதி திறந்த நிலையில் கம்பி இரு கரங்களுக்கும் செங்கோணமாக இருக்கும்படி அமைத்துவிட்டால், இரு முனைகளிலும் அந்த ஆபத்தான நேர்கோட்டிலிருந்து நாம் வெகுதூரம் விலகியே இருப்போம்.

அடுத்தது இன்ஜினின் அசைவு. மிதி சேஸியோடு சேர்ந்தது. கார்புரேட்டரோ ரப்பர் மவுண்டுகளின் மேல் அமர்ந்திருக்கும் இன்ஜினோடு சேர்ந்தது. இன்ஜின் வலுவாக இழுக்கும்போது அதன் இடப்பக்கம் மேலெழும்புகிறது; இடையில் உள்ள கம்பியின் போக்கு சரியில்லை என்றால், காலை அசைக்காமலேயே த்ராட்டில் மேலும் திறக்கும். 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 67 லட்சம் செவ்ரோலெட் வாகனங்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் இதன் கொடிய வடிவம்தான்: மவுண்ட் பிரிந்து, இன்ஜின் எழும்பி, த்ராட்டிலை இழுத்துத் திறந்துவிடும் அபாயம் இருந்தது. இன்ஜின் அளவுக்கு மேல் எழாதபடி கம்பிவடம் ஒன்றைக் கட்டித்தான் அந்த வாகனங்களைச் சரிசெய்தார்கள். பெரிய நிறுவனத்தின் பொறியாளர்களுக்கே இந்த நிலை என்றால், கொட்டகையில் கார் கட்டுபவர் இரட்டைக் கவனம் கொள்ள வேண்டாமா? விறைப்பான கம்பிக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் கேபிள் போட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பழமைவிரும்பிகள் முகம் சுளிப்பார்கள். மேலே பழைய மிதியையும் கீழே கண்ணுக்குத் தெரியாத கேபிளையும் வைப்பதில் எனக்கு யாதொரு மறுப்பும் இல்லை. புகைக்குழாயின் சூடு படாமலும், கூர்மையான வளைவுகள் இல்லாமலும் அதைக் கொண்டுபோனால் போதும்.

மூன்று கார்புரேட்டர்களை வரிசையாக வைக்கும் கார்களில், சாதாரண ஓட்டத்துக்கு நடுவில் உள்ளது மட்டும் திறந்து, மிதியை மேலும் அழுத்தும்போதுதான் ஓரங்களில் உள்ள இரண்டும் திறக்கும்படி, நீள்துளை உள்ள கம்பிகளால் இணைப்பதுண்டு. அந்த நீள்துளையில் கம்பி சற்றுத் தூரம் தளர்வாகவே நகர்வதால், நடுவில் உள்ள ஸ்பிரிங்கை மட்டும் நம்பி ஓரக் கார்புரேட்டர்களை விட்டுவிடக் கூடாது; ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங் வேண்டும். பழைய உதிரிகளில் பின் மாட்டும் துளைகள் முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது ஆட்டம் இருந்தாலும், மிதியிலிருந்து கார்புரேட்டர் வரை அவை சேர்ந்து காலின் முதல் அசைவை முழுமையாக விழுங்கிவிடும். துளையைப் பெரிதாக்கிப் புதிய புஷ் (உட்குழல்) அடிப்பது அரை நாள் வேலைதான்.

அக்கட்டுரையின் அடுத்த பகுதியில் மிதி பொருத்தும் முறையைப் படத்துடன் விளக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அப்படத்தில் மிதியின் அழகோடு, கார்புரேட்டர் நெம்புகோலில் மாட்டும் இரு ஸ்பிரிங்குகளையும், அவற்றின் தனித்தனிக் கொக்கிகளையும், தரையில் வைக்கும் தடையையும் வரைந்து காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
லாங் பீச், கலிபோர்னியா