ஏற்காட்டில் நம் சங்கத்தின் ஓராண்டு: செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்கத்து அண்ணன்மார்களே, அக்காமார்களே, இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செய்த வேலைகளையும் விட்டுப்போன வேலைகளையும் நான் சொல்லிவிடுகிறேன்.

ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு. ஆனால் மேலே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏரி என்றால் படகுத் துறை மட்டும்தான். பெடல் படகில் ஒரு சுற்று, அண்ணா பூங்காவில் நாலு போட்டோ, கரையோரக் கடையில் மிளகாய் பஜ்ஜி, அப்புறம் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்ப்பது. இருட்டுவதற்குள் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும் காபித் தோட்டத்து ஓரமாக, காலைப் பனியில் நடந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதற்காகத்தான் மாதம் ஒரு ஞாயிறு நடைப்பயணம் ஆரம்பித்தோம். மழையால் சில மாதம் தட்டிப்போனாலும் விடாமல் நடத்தினோம்.

இந்த வருடத்தில் என் மனதை விட்டுப் போகாதது கிளியூர் அருவிதான். ஏரி நிரம்பி வழியும் தண்ணீரும், வழியில் சேரும் ஓடைகளும்தான் அங்கே சுமார் 300 அடி கீழே விழுகிறது. இது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதி. ஆனால் தெரிந்திருப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஒரு ஞாயிறு, சாக்கும் கையுறையுமாகப் படியிறங்கினோம். அருவிக்கு அடியில் பாறை இடுக்கு ஒன்றில் டீ கப்புகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு, சேறு அப்பி, அடுக்காகக் கிடந்தன. ஓரத்தில் சிவப்புப் பூ அச்சு. அந்தப் பூவை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஏரிக்கரைக் கடையில் தினமும் கையில் வாங்குவதுதானே.

ஒரு கப்பைக் கழுவி எடுத்துப் போய் அந்தக் கடை அக்காவிடம் காட்டினோம். சண்டை போடப் போகவில்லை. அவர் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அவ்வளவு தூரமா போயிருக்கு?" என்றார். அடுத்த வாரமே கடையில் கண்ணாடி டம்ளர் வந்துவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று என்று கடைகடையாகச் சொல்லிப் பார்த்தோம். சட்டத்தைச் சொன்னபோது தலையாட்டினார்கள், கப்பைக் காட்டியபோதுதான் கேட்டார்கள். வரும் வருடமும் கப்பையே கொண்டுபோய்க் காட்டுவோம் என்பது என் யோசனை.

அதே படிகளில் இன்னொரு நாள் கல்லூரித் தம்பி ஒருவர் பாசியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. போர்வையில் வைத்து நான்கு பேர் மேலே தூக்கி வந்தோம். கைப்பிடிக் கம்பி உடைந்த இடத்தைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு முறை நினைவூட்டியும் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

சேர்வராயன் கோயில் நடை நன்றாக அமைந்தது. குனிந்துதான் நுழைய வேண்டிய குகைக்குள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமத்து மக்கள் திரண்டு வருகிறார்கள். அங்கே கார்க் கதவைத் திறந்து வைத்துப் பாட்டைச் சத்தமாகப் போடுகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கக் கூடாது. அது வியூ பாயின்ட் இல்லை, சாமி இருக்கும் இடம். ராமர் கோயில் இருக்கும் பகோடா பாயின்ட்டுக்கும் இதையே சொல்வேன்.

பள்ளிப் பிள்ளைகளைத் தாவரவியல் ஆய்வகத் தோட்டத்துக்கும் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கும் கூட்டிப் போனோம். பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் குடுவைச் செடியைப் பார்த்த பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கல்லறை இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் கற்கால மனிதர் வாழ்ந்ததைக் காட்டியவர் அவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவலின் மருமகனும்கூட. இப்படிப்பட்டவர் நம் ஊர் மண்ணில் இருக்கிறார் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் சில வருடம் முன்புதான் தெரியும். காபியை இங்கே கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்ன் பற்றியும் அடுத்த முறை சொல்ல வேண்டும்.

சாலை பற்றிச் சுருக்கமாக. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது, இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைப்பது, இந்த இரண்டையும் தங்கும் விடுதிகளில் அச்சடித்து ஒட்டினோம். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்காது. காட்டெருமை நின்றால் செல்பி எடுக்கக் கிட்டே போக வேண்டாம் என்பதையும் அதே தாளில் சேர்த்திருக்கிறோம்.

மே மாதக் கோடை விழாவில், மலர்க் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கு வழி சொல்ல நம் ஆட்கள் நின்றார்கள். வெயிலிலும் நெரிசலிலும் முகம் சுளிக்காமல் நின்ற அத்தனை பேருக்கும் நன்றி. இளையவர்கள்தான் அதிகம் நின்றார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரும் வருடத்துக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, ஏரியைச் சுற்றி நடக்கும் பாதையில் தமிழில் வழிப்பலகைகள். கிளியூர் ஓடை தொடங்கும் இடத்தில், இந்தத் தண்ணீர்தான் அருவியாக விழுகிறது என்று கட்டாயம் எழுத வேண்டும். இரண்டாவது, கோடை மழைக்குப் பிறகு காபி பூக்கும் நாளில் ஒரு நடை. தோட்டமே மல்லிகை வாசம் அடிக்கும் அந்தச் சில நாளை வெளியூர்க்காரர்கள் தவற விடுகிறார்கள். பூப்பது எப்போது என்று முன்கூட்டித் தேதி குறிக்க முடியாது. அதனால் தோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் மொட்டு விரிகிறபோது ஒரு போன் போட வேண்டும்.

இந்தத் தீர்மானங்களை யாராவது வழிமொழிந்தால் கையோடு பதிவு செய்துவிடலாம். அடுத்த கிளியூர் வேலைக்கு வருகிறவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். சாக்கும் கையுறையும் சங்க அறையில் இருக்கின்றன. காலை 7 மணிக்குப் படகுத் துறை முன்னால் கூடுவோம். வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்