ஒன்பதுக்காகச் சண்டை போடும் கோமதிக்கு

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம், கோள்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்ட புளூட்டோவுக்கே போய்விட்டது. மூட்டுவலிக்கு வேலூர் போய்க் காட்டினாயா என்று கேட்டிருந்தேன். அதற்கு ஒரு வரி இல்லை. கோபம் வந்துவிட்டால் உனக்கு வலி, பசி இரண்டும் தெரியாது. விடுதிக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மருமகள் மறுபடியும் வேலைக்குப் போகிறாள். பகல் முழுக்கப் பேரன் என் பொறுப்பு. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறுகள் கைவிட்டுவிட்டன. காவிரித் தண்ணீர் வரும் நாளில் குடம், அண்டா, பக்கெட் எல்லாவற்றையும் நிறைத்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. பக்கத்து வீட்டு மாமி உன்னை விசாரித்தார். உன் புளூட்டோ சண்டையைச் சொன்னேன். "ஜாதகத்துக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கவலைப்பட்டார். சூரியன், சந்திரன், ராகு, கேது எல்லாம் சேர்ந்த ஒன்பது அது. யுரேனஸும் நெப்டியூனும் அதில் கிடையாது, நாம் நிற்கிற பூமியே கிடையாது. புளூட்டோ வந்ததும் அதற்குத் தெரியாது, போனதும் தெரியாது என்றேன். நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுப் போனார்.

இனி உன் வழக்கு. உன்னிடம் மாலையில் படிக்க வரும் பையன் வினாடி வினாவில் கோள்கள் ஒன்பது என்றான், மதிப்பெண் போயிற்று. ஒன்பது என்று சொல்லிக்கொடுத்தது நீ. பள்ளியை விட்டு வரும்போது கொண்டுவந்த அந்தப் பழைய சுவர்ப்படம் இன்னும் உன் கூடத்தில் தொங்குகிறதா? கோபித்துக்கொள்ளாதே, இந்த விஷயத்தில் நான் வினாடி வினாக்காரர்கள் பக்கம்தான்.

"அறிவியலில் கைதூக்கி ஓட்டுப் போடுவதா?" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வி நியாயம். 2006 ஆகஸ்ட் மாதம் பிராகாவில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கூடியது. முதலில் வைத்த வரைவின்படி கோள்கள் பன்னிரண்டு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் சீரிஸ், புளூட்டோவின் துணையான சாரோன், புளூட்டோவுக்கு அப்பால் புதிதாகக் கண்டுபிடித்த ஏரிஸ் மூன்றும் உள்ளே வரவேண்டியவை. ஒரு வாரம் காரசாரமாக வாதாடினார்கள். 24ஆம் தேதி, நிறைவு அமர்வில், பன்னிரண்டு எட்டாகிவிட்டது. சூரியனைச் சுற்ற வேண்டும், ஏறத்தாழ உருண்டையாக இருக்க வேண்டும், மற்றவற்றை விலக்கித் தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை; மூன்றாவதில் புளூட்டோ தோற்றது. பலர் அதற்குள் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். மஞ்சள் அட்டையைத் தூக்கி வாக்களித்தவர்கள் 424 பேர்தான் என்பார்கள். ஒரு காட்சி மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சீரான துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் பல்சர் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜோசலின் பெல் பர்னெல் அம்மையார் ஒரு குடையை விரித்துக் காட்டினார். கோள் என்பது இந்தக் குடை. எட்டும், புளூட்டோ போன்ற குறுங்கோள்களும் சேர்ந்து இதற்குள் நிற்கலாமா என்பதுதான் கேள்வி என்று விளக்க, புளூட்டோ என்கிற நாய்ப் பொம்மையையும் குடைக்குள் வைத்தார். சபை சம்மதிக்கவில்லை. பொம்மை வெளியே போயிற்று.

ஓட்டு அவசரம்தான். ஆனால் ஓட்டே இல்லாமல் இதே காரியம் முன்பு ஒரு முறை நடந்திருக்கிறது. 1801ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி சிசிலித் தீவின் பலேர்மோவில் பியாஸி என்கிற பாதிரியார் சீரிஸைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நேரம். கொண்டாடிக் கோள் என்றார்கள், பாடப் புத்தகத்திலும் ஏற்றினார்கள். அடுத்த ஆறு வருஷத்தில் அதே இடத்தில் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா. 1845க்குப் பிறகு வரிசையாக வர ஆரம்பித்தன. பத்து, இருபது என்று ஏறியதும், இது ஒரு கூட்டம், இதில் ஒன்றை மட்டும் கோள் என்று தூக்கி வைக்க முடியாது என்பது தானாகத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சிறுகோள் பட்டியலுக்கு மாற்றினார்கள். சீரிஸுக்காக யாரும் இன்று கண்ணீர் விடுவதில்லை, நீயும் விடவில்லை.

புளூட்டோவின் கதை அச்சு அசலாக அதேதான். 1930 ஜனவரியில் ஆறு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஒளிப்படத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, மிதுன ராசியில் ஒரே ஒரு புள்ளி நகர்ந்திருப்பதைக் கண்டார் கிளைட் டோம்பா. பெரிய கோளைத் தேடிக்கொண்டிருந்ததால் பெரிய கோள் கிடைத்துவிட்டது என்று எண்ணினார்கள். பூமியளவு எடை இருக்கும் என்றார்கள். அதன்பின் கணக்கிடக் கணக்கிட எடை இறங்கிக்கொண்டே வந்தது. 1978இல் ஜேம்ஸ் கிறிஸ்டி ஒளிப்படத்தில் புளூட்டோவின் ஓரத்தில் ஒரு சிறு புடைப்பு இடம் மாறி மாறி நிற்பதைக் கவனித்தார். அதுதான் சாரோன். துணை ஒன்று சுற்றுகிறது என்றால் நடுவில் இருப்பதை நிறுத்துப் பார்த்துவிடலாம். நிறுத்தார்கள்: நம் நிலாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாகத் தேறவில்லை. 1992இல் அதே வட்டாரத்தில் இன்னொன்று கிடைத்தது. இப்போது ஆயிரக்கணக்கில் தெரியும், கைப்பர் பட்டை என்கிறோம். 2005இல் ஏரிஸ் அறிவிக்கப்பட்டது. எடையில் அது புளூட்டோவைவிடக் கால் பங்கு கூடுதல். புளூட்டோ உள்ளே, ஏரிஸ் வெளியே என்று எந்த நியாயத்தில் சொல்வாய்?

உன் கட்சியில் இருக்கும் பெரிய வக்கீல் ஆலன் ஸ்டெர்ன். 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்து போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தின் தலைமை ஆய்வாளர். அந்தப் படங்களைப் பேரனின் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நைட்ரஜன் பனிச் சமவெளி, அதன் ஓரத்தில் தண்ணீர்ப் பனியாலான மலைகள், மேலே நீலமாக ஒரு மெல்லிய புகை. உயிரில்லாக் கல் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டெர்னும் அவர் நண்பர்களும் சொல்வது இது: எங்கே சுற்றுகிறது என்று கேட்காதே; தன் ஈர்ப்பால் தானே உருண்டையானதா என்று மட்டும் கேள். நிலவியல் பார்ப்பவர்களுக்கு இது வசதியான அளவுகோல், மறுக்கவில்லை. ஆனால் கோமதி, இந்தக் கணக்கில் நம் நிலாவும் கோள், சனியின் டைட்டனும் கோள், வியாழனின் கனிமீடும் கோள். டைட்டனும் கனிமீடும் குறுக்களவில் புதனையே மிஞ்சியவை. மொத்தம் நூற்றுக்கு மேல் வரும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆக ஒரு கட்சிக்கு எட்டு, மறு கட்சிக்கு நூற்றுக்கு மேல். உன் ஒன்பது இரண்டு பக்கமும் சேராது. உன் பையன் நூற்றிச் சொச்சம் என்று சொல்லியிருந்தால் அவனுக்காக நானே வந்து வாதாடியிருப்பேன்.

நான் எட்டுக் கட்சி. ஏன் என்று கேட்டால் நெப்டியூனைக் காட்டுவேன். 1979 முதல் 1999 வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. நீ வகுப்பில் வரிசையை மாற்றிச் சொன்ன காலம். பாதையைத் தாண்டி உள்ளே வந்தாலும் இரண்டும் மோதவே மோதாது. நெப்டியூன் சூரியனை மூன்று முறை சுற்றினால் புளூட்டோ இரண்டு முறை சுற்றும். அந்தத் தாளத்தில் நெப்டியூன் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்த வட்டாரத்தில் யார் சொல் செல்லுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. பூமியை எடுத்துக்கொள், தன் பாதையோரத்தில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் எடையில் அதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கு மேல். புளூட்டோ தன் வட்டாரத்துக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் பார். எட்டுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே கோடு போட்டது மனிதர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் அந்தத் தீர்மானத்தின் வாசகத்தின் மேல். வேலைக் காலம் முழுக்க வங்கிச் சுற்றறிக்கைகளைப் படித்துப் பழகிய கண் எனக்கு. "ஏறத்தாழ உருண்டை" என்கிறார்கள். எவ்வளவு ஏறத்தாழ? "சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியது" என்கிறார்கள். எவ்வளவு துப்புரவு? எண்ணே இல்லாத விதியை எங்கள் கிளையில் ஒரு நாள் நடைமுறைப்படுத்த முடியாது. வியாழனின் பாதையில் ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் அதனோடேயே போகின்றனவே, அப்படியானால் அதுவும் கோள் இல்லையா என்று ஸ்டெர்ன் கட்சிக்காரர்கள் மடக்குவதற்கு அந்த ஓட்டை வார்த்தைதான் இடம் கொடுத்தது. அதைவிட மோசம், "சூரியனைச் சுற்றுவது" என்று முதல் நிபந்தனையிலேயே எழுதிவிட்டார்கள். மற்ற நட்சத்திரங்களைச் சுற்றுகிறவை இன்று ஐயாயிரத்துக்கு மேல் தெரியும். அந்த வாசகத்தின்படி அவற்றில் ஒன்றுகூடக் கோள் ஆகாது! 2024இல் ழான்-லுக் மார்கோ என்கிற வானியலாளரும் வேறு இருவரும் எண்ணோடு ஒரு புதிய வரையறையை முன்வைத்தார்கள்: எந்த நட்சத்திரத்தைச் சுற்றினாலும் சரி, நிறை இந்த அளவுக்கு மேல், அந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று. படித்தபோது, அப்பாடா, எழுதத் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள் என்றிருந்தது. அதிலும் புளூட்டோவுக்கு இடமில்லை, சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. "எங்கேயோ பிராகாவில் யாரோ" என்று அலட்சியமாக எழுதியிருக்கிறாய். அந்த ஒன்றியத்துக்கு 1979 முதல் தலைவராக இருந்தவர் நம் நாட்டு வானியலாளர் வைணு பாப்பு. உன் ஊரிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போனால் வருகிற காவலூர் ஆய்வகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. நாம் விடுதியில் இருந்தோமே, 1977, அந்த மார்ச் மாதம் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் போனபோது, நட்சத்திரத்தின் ஒளி முன்கூட்டியே சில நொடி மங்கியதைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த இரவில்தான். உனக்கு இவ்வளவு அருகில் நடந்ததை உன் மாணவர்களுக்கு ஒருமுறையாவது சொல்லியிருக்கிறாயா?

ஐப்பசி, கார்த்திகையில் காவலூர் மலை மேல் மேகம் விலகாது. தை பிறந்ததும் நான் ரயிலேறி வாணியம்பாடி வருகிறேன். பேரனையும் அழைத்து வருவேன். உன் பையனையும் கூப்பிடு. பார்வையாளர்களை எந்தக் கிழமையில் விடுகிறார்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டுமா என்று விசாரித்து எழுது. அந்தச் சுவர்ப்படத்தை நான் வரும்வரை கழற்றாதே, சண்டைக்கு ஆதாரம் வேண்டும்.

அன்புடன்,
உன் சாந்தா