பேசிலைத் துளசி ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இத்தாலியச் சமையல் பக்கம் படித்தேன். படங்கள் பிரமாதம், குறிப்பும் பரவாயில்லை, ஆனால் பாஸ்தாவுக்கு 'ஒரு கைப்பிடி துளசி இலை' என்று அச்சாகியிருந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இத்தாலியர்கள் பாஸ்தாவில் போடும் பேசில் என்ற இலையும் நம் துளசியும் நெருங்கிய சொந்தம்தான், அதற்காக ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் தக்காளி சாஸ் கஷாயமாகிவிடும். நானே ஒருமுறை போட்டுப் பார்த்து, சட்டியோடு கொட்டியவன். பேசிலுக்குத் தமிழில் பெயர் இல்லாமலும் இல்லை, திருநீற்றுப்பச்சிலை என்று அழகான பெயர் இருக்கிறது. ஆனால் அதிலும் பல வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை. பேசிலை அரைத்துச் செய்யும் பெஸ்டோ சாஸுக்கு வேண்டிய அந்த இனிப்பு மணம் ஜெனோவீஸ் வகையில்தான் சரியாக வரும், விதை வாங்கும்போது அதைப் பார்த்து வாங்க வேண்டும். பீட்சாவில் போடும் ஆரிகானோ மூலிகையைக் கற்பூரவல்லி என்று எழுதுவதும் இதே கதைதான். மணம் கொஞ்சம் ஒத்துப்போகும், ஆனால் தடித்த இலை கொண்ட அது வேறு செடி.

அப்புறம், காய்ந்த மூலிகைகளைக் கலந்த அந்த 'இத்தாலியன் சீசனிங்' பொடி. எதைச் செய்தாலும் மேலே தூவு என்கிறது உங்கள் குறிப்பு. இத்தாலிக்காரர்கள் அப்படிச் சமைப்பதில்லை. நேப்பிள்ஸின் மார்கரீட்டா பீட்சாவுக்கு பேசில், சீஸே இல்லாத மரினாராவுக்குப் பூண்டும் ஆரிகானோவும். மிலானின் ரிசோட்டோ என்ற குழைந்த சோற்றுக்குக் குங்குமப்பூ. ரோமின் காச்சியோ எ பேப்பே என்ற பாஸ்தாவில் பெக்கரீனோ சீஸையும் மிளகையும் தாண்டி மணத்துக்கென்று எதுவும் சேராது, அதனால் மிளகை அப்போதே இடித்துப் போட்டால்தான் அது எடுபடும். சேஜ் என்ற மூலிகையின் இலையை வெண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்து, பூரணம் வைத்த ரவியோலி பாஸ்தா மேல் அப்படியே ஊற்றுவார்கள், வேறு சாஸ் தேவையே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பொடி என்றால் எல்லாம் ஒரே ருசியில்தானே இருக்கும்?

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம், 'எல்லா மூலிகைகளையும் ஒரே நீளத் தொட்டியில் வளர்க்கலாம்' என்ற பெட்டிச் செய்தியைத்தான் விட முடியவில்லை. அந்த யோசனையில் என் ரோஸ்மேரி போய்ச் சேர்ந்தது. பேசிலுக்குத் தாகம் அதிகம், ஒருநாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் தலையைத் தொங்கப் போட்டுவிடும். ரோஸ்மேரி, தைம், ஆரிகானோ, சேஜ் எல்லாம் மத்தியதரைக் கடலோரத்துக் கல்லு மண்ணில், வெயிலில் காய்ந்து வளர்ந்த சாதி. பேசிலுக்காகத் தினமும் ஊற்றிய தண்ணீரில் ரோஸ்மேரியின் வேர் அழுக ஆரம்பித்தது. நுனி பழுப்பானதைப் பார்த்து, காய்கிறது போலிருக்கிறதே என்று நான் இன்னும் ஊற்றினேன், என்ன சொல்வது! பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, கையோடு உருவிக்கொண்டு வந்தது. இப்போது ரோஸ்மேரிக்குத் தனி மண் தொட்டி, பாதிக்குப் பாதி மணல், விரல் விட்டுப் பார்த்து உள்ளே உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

பேசிலில் இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளவே கூடாது. இரண்டு இலை எதிரெதிராக இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே தண்டோடு வெட்டினால், அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். பூ மொட்டு தெரிந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை சிறுத்துக் கசக்கத் தொடங்கும். வெட்டிய தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும், அடுத்த செடிக்குச் செலவே இல்லை. ஆரிகானோவைப் பூக்கத் தொடங்கும்போது அறுத்து நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால், காய்ந்தபின் மணம் இன்னும் தூக்கலாக இருக்கும். அதைச் சாஸ் கொதிக்கும்போதே போடலாம். பேசிலைக் காயவைத்தால் மிஞ்சுவது வைக்கோல்தான். பேசிலின் பச்சை இலையை அடுப்பை அணைத்தபிறகு கையால் கிழித்துப் போட்டால் போதும்.

அடுத்த வாரம் பெஸ்டோ என்று அறிவித்திருக்கிறீர்கள். மிக்சியில் ரொம்ப நேரம் ஓட்டினால் சூட்டில் இலை கறுக்கும், கல் உரலில் பூண்டையும் கல்லுப்பையும் முதலில் நசுக்கிவிட்டு இலையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பைன் கொட்டை, சீஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாம் அதற்குப் பிறகு. இலையின் பெயரை மட்டும் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை விடாமல் படிக்கும் வாசகர்