மருந்தே ஜெல்லாகும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலுக்குள் செலுத்தப்படும் ஜெல்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். இப்படியொரு பொருளுக்குத் தமிழில் இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால், ஜெல் என்றாலே நீண்ட பலபடிச் (பாலிமர்) சங்கிலிகள் பின்னிய வலை என்றும், மருந்து அதற்குள் அடைத்துவைக்கப்படும் சரக்கு என்றும் கட்டுரை முழுவதும் கொள்ளப்பட்டிருக்கிறது. சிறிய மூலக்கூறுகள் தாமே ஒன்றுகூடி உருவாக்கும் ஜெல்களுக்கு இந்த விளக்கம் பொருந்தாது.

பலபடி ஜெல்லுக்கு எடுத்துக்காட்டாக, கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்தால் உறைகிறது. மறுபடி சூடாக்கினால் இளகுகிறது. அப்போது வலை பிரிந்தாலும் சங்கிலிகள் அறுபடுவதில்லை. சிறுமூலக்கூறு ஜெல்லிலோ இழையே தனித்தனி மூலக்கூறுகளின் அணிவகுப்புதான். ஹைட்ரஜன் பிணைப்பு, நீரை விலக்கும் பகுதிகள் ஒன்றையொன்று நெருங்குதல், வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளுதல் போன்ற வலுக்குறைந்த விசைகளே அவற்றை வரிசையில் நிறுத்துகின்றன. அந்த இழைகள் பின்னிப் பிணைந்து நீரைத் தேக்கிக்கொள்கின்றன. சுற்றிலும் நீர்மம் பெருகி மூலக்கூறுகளின் செறிவு குறையும்போது இழை சிறுகச் சிறுகக் கலைந்து, அது எதனால் ஆனதோ அந்த மூலக்கூறுகளாகவே பிரிந்துவிடுகிறது. இந்த வலுக்குறைவைக் குறையென்று கருதக் கூடாது. இவ்வகை ஜெல்லின் பயன் முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

இதற்கு மிகச் சிறந்த சான்றாகிய லான்ரியோடைடு என்ற மருந்து கட்டுரையில் இடம்பெறாதது எனக்கு வருத்தமே. எட்டு அமினோ அமிலங்களே கொண்ட சிறு சங்கிலியாகிய இந்தப் பெப்டைடு, வயதுவந்தவர்களுக்குக் கை, கால், தாடை எலும்புகள் பெருத்துப்போகும் அக்ரோமெகலி நோய்க்கு அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டிலும், குடல், கணையம் ஆகியவற்றில் தோன்றும் ஒருவகைக் கட்டிகளுக்கு 2014-ஆம் ஆண்டிலும் ஒப்புதல் பெற்றது. இது பின்பற்றும் இயற்கை ஹார்மோனாகிய சோமடோஸ்டாட்டின் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். லான்ரியோடைடோ நீரில் ஏறத்தாழ 24 நானோமீட்டர் விட்டமுள்ள குழல்களாகத் தானே அடுக்கிக்கொண்டு ஜெல்லாகிறது. அதைத் தோலுக்கடியில் ஆழமாகச் செலுத்தினால், அங்கிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து நான்கு வாரங்களுக்கு வேலை செய்கிறது. மருந்தைத் தாங்குவதற்கென்று தனியாக ஒரு பலபடி அதில் இல்லை. மருந்தே ஜெல், ஜெல்லே மருந்து.

இன்னொன்று, இரத்தக்கசிவை அடைக்கப் பயன்படும் ராடா16. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஷுகுவாங் ஜாங், ஈஸ்ட்டின் ஒரு புரதத்தில் கண்ட அமினோ அமில வரிசையைத் தொடர்ந்து சென்ற ஆய்வுகளின் வழியே வந்த, 16 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு இது. அமிலத்தன்மையுள்ள தெளிந்த கரைசலாக இருப்பது, இரத்தத்தில் பட்டவுடன் அதிலுள்ள உப்புகளாலும் மாறிய அமிலநிலையாலும் ஜெல்லாகிக் கசிவை அடைக்கிறது. 2.5 விழுக்காடு பெப்டைடு போக மீதி நீரே என்பதால் ஒளி ஊடுருவும். எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவர் அதன் வழியாகவே காயத்தைப் பார்த்துக்கொண்டு பணியைத் தொடரலாம். ஆனால் தமனியிலிருந்து பீறிடும் இரத்தத்தை நிறுத்த இதை நம்பக் கூடாது. மெல்லிய விசைகளால் நிற்கும் ஜெல்லுக்கு அந்த வேகத்தைத் தாங்கும் வலிமை இல்லை.

இனி, என்னை எழுதவைத்த முதன்மைக் காரணத்துக்கு வருகிறேன். என் பழைய மாணவர் ஒருவர் பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, ஆறு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். அவருடைய தாயார் தங்கள் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "இந்த ஊசி எங்க சார் கிடைக்கும்?" என்று கேட்டார். அந்த ஊசி பற்றிக் கட்டுரை குறிப்பிடுவது, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வு. தாமே இழைகளாகும் பெப்டைடு மூலக்கூறுகளை ஒரே ஒருமுறை செலுத்தியபோது, முடங்கிய சுண்டெலிகள் நான்கு வாரங்களில் நடக்கும் திறனைத் திரும்பப் பெற்றன. அரிய ஆய்வுதான்; மறுக்கவில்லை. ஆயினும் அது சுண்டெலிகளிடம், அதுவும் காயம்பட்ட மறுநாளே செலுத்தி நடத்தப்பட்டது. கட்டுரையில் சுண்டெலி என்ற சொல் ஒரே ஓரிடத்தில், அதுவும் நீண்ட வாக்கியமொன்றின் நடுவே வருகிறது. தலைப்போ "முடங்கியவர் நடக்கிறார்" என்கிறது. ஆறாண்டு பழைய காயத்தைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை என்பதை அந்தத் தாயாரிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது.

தொடரின் அடுத்த பகுதியில் இரண்டு திருத்தங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு ஜெல்லையும் பற்றிச் சொல்லும்போது, அது நோயாளிகளுக்கு இப்போது தரப்படுகிறதா, விலங்குகளில் மட்டும் சோதிக்கப்பட்டதா என்பதை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். பலபடியையும் சிறுமூலக்கூறையும் பிரித்துக் காட்டுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உதய் மைத்ரா குழு பித்த அமிலங்களிலிருந்து உருவாக்கிய ஜெல்களைப் பற்றியும் எழுதினால், என்னைப் போன்றோர் வகுப்பில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்