உப்புப் பாக்கெட்டில் தேதி எழுது

மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

ஆபீஸ் செக்கப்பில் பிரஷர் 142/92 என்று எழுதியிருந்தாய். "தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, இப்போ எனக்கு. ஜீன்ல இருக்கு, என்ன செய்ய?" என்றும் கேட்டிருந்தாய். ஜீனில் வருவது பிரஷர் இல்லை தம்பி. உப்பு வந்தால் கிட்னி அதை என்ன செய்யும் என்கிற குணம்தான் பெரும்பாலும் வழிவழியாக வருகிறது.

கிட்னி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதில் இருக்கிற உப்பே ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம். 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப இழுத்துக்கொண்டு, நாம் சாப்பிட்ட சில கிராமை மட்டும் வெளியே விடுகிறது. அந்த இழுப்பு இம்மி கூடினாலும் உப்பு தங்கும், கூடவே தண்ணீரும் தங்கும். அப்புறம் பிரஷர் ஏறினால்தான் அந்த உப்பு வெளியேறும்.

இந்த இழுப்பைக் கூட்டுவது பல ஜீன்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். ஆஞ்சியோடென்சினோஜென், அட்யூசின், யூரோமாடுலின் என்று பெயர்கள். யூரோமாடுலின் ஜீனின் ஒரு வகை பிரஷரையும் ஏற்றும், கிட்னி கெடும் வாய்ப்பையும் கூட்டும். அமெரிக்காவில் லூயிஸ் டால் என்ற ஆராய்ச்சியாளர் 1970களில் எலிகளுக்குள் கிட்னியை மாற்றி வைத்துப் பார்த்தார். உப்பு ஒத்துக்கொள்ளாத இனத்தின் கிட்னி எந்த எலிக்குப் போனதோ, பிரஷரும் அதற்கே போனது.

இதற்காகக் காசு கொடுத்து ஜீன் டெஸ்ட் எடுக்காதே. மேல்கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கு. காலையில் டீக்கு முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார். பாதம் தரையில், பட்டை நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார். ராத்திரியும் அப்படியே, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியைச் சராசரி போடு. 135/85ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பிறகு மூன்று வாரம் உப்பைக் குறைத்து, அதே மாதிரி ஏழு நாள் பார். மேல் எண் பத்து அளவுக்குக் குறைந்திருந்தால் உன் பிரஷரில் உப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்.

குறைப்பதை நாக்கை வைத்து அளக்க முடியாது. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று அதன்மேல் தேதி எழுது. ஆளுக்கு நாளுக்கு 5 கிராம் என்றால் உங்கள் இரண்டு பேருக்கு அது 100 நாள் வரவேண்டும். 50 நாளில் தீர்ந்தால் இரட்டிப்பு உப்பு. கடைப் புரோட்டா சால்னாவும் ஊறுகாயும் இந்தக் கணக்கிலேயே வராது, அதனால் பாக்கெட் இன்னும் நீண்டு வரவேண்டும். இந்துப்புக்கு மாறினால் ஆகாது, அதுவும் சோடியம் உப்புதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் கூடியிருந்தாலோ, டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தாலோ, டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதே. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தப்பும்.

முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக்கை நீயாக வாங்கிப் போடுவதையும் நிறுத்து. அது உப்பைத் தங்க வைக்கும், கிட்னிக்குப் போகிற ரத்தத்தையும் குறைக்கும்.

இந்த வாரமே ரத்தத்தில் கிரியாட்டினினும், காலைச் சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பார்த்துவிடு. விகிதம் 30க்கு மேல் வந்தால் பயந்துவிடாதே. காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ கூட ஏற்றிக் காட்டும், மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

பார்சலில் இந்த முறை மோர் மிளகாய் வைக்கவில்லை. மணத்தக்காளி வற்றல் உப்புப் போடாமல் காயவைத்தது. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா