உம்மாவுக்கு, அபுதாபியிலிருந்து

அன்புள்ள உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊரிலிருந்து வந்த மச்சான் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதமும் மாசித்தூளும் கிடைத்தன. "போனில் சொல்வது காற்றோடு போகுது, எழுதி அனுப்பு" என்று எழுதியிருந்தீர்கள். சரி, இந்தத் தடவை நீளமாகவே எழுதுகிறேன்.

மரைக்கா மாமா மகன் போட்டோ காட்டினானாமே, அந்த ஷேக் ஸாயித் பெரிய பள்ளிவாசலுக்குத்தான் நோன்பு பிறந்ததிலிருந்து போகிறேன். 82 குப்பா, அதாவது குவிமாடம். நாலு மினாராக் கோபுரமும் 100 மீட்டருக்கு மேல் உயரம். சுற்றிலும் தண்ணீர்த் தடாகம். நம்ம பள்ளி ஹவுளுத் தொட்டி மாதிரி, தொழுமுன் கை கால் கழுவி ஒளு செய்ய இல்லை, பள்ளியின் நிழல் விழுந்து அழகாகத் தெரிவதற்காம். இரவில் வெள்ளைச் சுவரில் படும் விளக்கு வெளிச்சம் பிறைக்குத் தக்கபடி மாறும்.

ஓலைப்பாய் பின்னும் உங்களுக்கு உள்ளே கிடக்கும் விரிப்பைத்தான் காட்ட வேண்டும். 5,627 சதுர மீட்டர், ஒரே விரிப்பு. ஈரானில் சுமார் 1,200 பெண்கள் கையால் முடிச்சுப் போட்டு, துண்டுகளாகக் கொண்டுவந்து இங்கே சேர்த்துத் தைத்தார்களாம். தொழ நிற்கும் ஸஃப்பு வரிசைக்குத் தனியாகக் கோடு கிடையாது. கம்பளியை வரிவரியாக மழித்துவிட்டிருக்கிறார்கள், கால் வைத்தால்தான் தெரியும். தொழும்போது முன்னே பார்க்கும் கிப்லாச் சுவரில் அல்லாஹ்வின் 99 பெயர்கள். இருந்தாலும் நம்ம ஜும்மா பள்ளிக் கல்தூணில் சாய்ந்து உட்காரும் சுகம் இங்கே இல்லை. இத்தனை பளபளப்பில் சாயக் கூச்சமாக இருக்கிறது.

பள்ளியைக் கட்ட வைத்த ஷேக் ஸாயித் 2004-இல் மவுத்தாகிவிட்டார், கட்டி முடிந்ததைப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே அவர் கப்ரு. இரவு பகலாக ஆள் மாற்றி ஆள் குர்ஆன் ஓதுகிறார்கள். ஏர்வாடி தர்கா மாதிரி கந்தூரி, சந்தனக்கூடு எதுவும் கிடையாது. நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கும் ஒன்றுதான். இந்தப் பள்ளியில் சொல்வதைத்தான் ஊரிலுள்ள மற்றப் பள்ளிகளிலும் ஒலிபரப்புகிறார்கள். நம்ம தெருவில் ஒரு பள்ளி முடிக்கும்போது இன்னொன்று ஆரம்பிக்குமே, அந்தக் கூத்து இல்லை.

அடுத்த கட்டில் கான் பாயைப் பற்றிப் போனில் சொன்னேனே, பெஷாவர்க்காரர். இந்த நாட்டுக்காரர்களில் பலர் மாலிகி மத்ஹபு, அந்த வழிமுறைப்படி தக்பீர் கட்டாமல் கையைத் தொங்கவிட்டே தொழுவார்கள். கான் பாய் அதை ஓரக்கண்ணால் பார்த்தபடி தன் கையைத் தொப்புளுக்குக் கீழே இன்னும் இறுக்கிக் கட்டுவார். நோன்பு இரவுத் தொழுகையான தராவீஹை இமாம் எட்டு ரக்அத்தில் முடித்தால், இவர் ரூமுக்கு வந்து இருபதில் மீதி பன்னிரண்டையும் சத்தமாகத் தொழுதுவிட்டுத்தான் படுப்பார். தூங்கின மாதிரிதான். ஆனால் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்பாமல் அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

நோன்பு திறக்கப் பள்ளி வளாகத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சாப்பாடு. ராணுவ அதிகாரிகள் கிளப்பில் சமைத்து வருகிறது: பிரியாணி, பேரீச்சம்பழம், மோர், பழம். நான் இருக்கும் முஸஃபாவிலிருந்து தினமும் அங்கேதான் போகிறேன். மெஸ் காசை மிச்சம் பிடிக்கத்தான் என்று லாத்தா சொல்வாள், நம்பாதீர்கள், நன்மைக்காகத்தான். கஞ்சிதான் இல்லை, உம்மா. வாப்பா அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குச்சட்டியோடு வருவார்களே, மூடியைத் திறந்ததும் வரும் அந்த வெந்தய வாசம். நேற்றுப் பாங்கு சொன்னதும் கான் பாய் பேரீச்சம்பழத்தை நீட்டினார். வாயில் போட்டேன், தொண்டைக்குள் இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டார். கொட்டை என்றேன்.

அப்புறம், இந்த மாதம் அனுப்பியது குறைவு என்று நினைக்க வேண்டாம். கம்பெனியில் கணக்கு முடிப்பது கொஞ்சம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். தங்கச்சி வீட்டுக்கு மாடி இப்போது வேண்டாம், கீழே பூச்சு வேலை முடியட்டும். கொத்தனாருக்கு மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மூத்தவர் காக்கா கையால், வேலை நடந்த அளவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பெருநாள் தர்மமான ஃபித்ரா அரிசியில் பின்வீட்டு மாமி பங்கை மறக்க வேண்டாம். வாப்பா கண்ணுக்கு மதுரைக்குப் போவது பெருநாளுக்குப் பிறகு தள்ளவே கூடாது. மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹ் தேதி கேட்டால் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து என்றே சொல்லுங்கள். அதற்கு முன்னால் டிக்கெட் விலை கையைக் கடிக்கும், லீவும் கிடைக்காது.

வஸ்ஸலாம்.

உங்கள் மகன்