டி5 கட்டத்தை விடாதே

அன்புள்ள ரகு,

சதுரங்கத்தில் கறுப்பு ஒரு சிப்பாயைப் பலிகொடுத்துத் தாக்கும் மார்ஷல் அட்டாக்கை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்வதாக எழுதியிருந்தாய். இரண்டு நாள் அதை ஒதுக்கிவிட்டு, 1918-ல் நியூயார்க்கில் காபாபிளாங்காவும் (வெள்ளை) மார்ஷலும் (கறுப்பு) ஆடிய ஆட்டத்தைப் பலகையில் காய் வைத்துப் பார்.

ரூய் லோபஸ் என்ற தொடக்கத்தில் 8-வது நகர்த்தலில் கறுப்பு டி5 தள்ளி, இ5 சிப்பாயை விட்டுக்கொடுக்கிறது. வெள்ளைக் குதிரை அதை வெட்டி, குதிரைகள் மாறி, வெள்ளை யானை இ5-க்கு வந்ததும், மார்ஷல் 11-ல் டி5 குதிரையை எஃப்6-க்கு இழுத்தார். பிஷப் டி6, குதிரை ஜி4, ராணி எச்4 என்று எல்லாம் ராஜாவின் வாசலுக்கு வந்தன. 15-ல் குதிரை எஃப்2 சிப்பாயை வெட்டுகிறது. இங்கே நிறுத்திக் கணக்குப் போடு. ராணியால் குதிரையை எடுத்தால் பிஷப் எச்2-ல் செக், ராஜா எஃப்1, பிஷப் ஜி3. ராணி இ2-க்கு ஒதுங்கினால் மற்ற பிஷப் எச்3 சிப்பாயை வெட்டும்; ஜி சிப்பாய் அதை எடுத்தவுடன் ஏ8 யானை இ8-க்கு வரும். அவ்வளவுதான், வெள்ளை காலி. அதனால்தான் காபாபிளாங்கா யானையை இ2-ல் வைத்தார்.

20 நகர்த்தல் முடிந்தும் அவருடைய ஏ1 யானை, சி1 பிஷப், பி1 குதிரை மூன்றும் அசையவில்லை. ஆனால் யானைக்குப் பதில் குதிரையும் பிஷப்பும் கைக்கு வந்துவிட்டன. ராஜா நடந்தே சி2-க்குப் போனார். 26-ல் பிஷப் டி5-க்கு வருகிறது, குதிரை காலி செய்த அதே கட்டம்! 36-ல் அங்கிருந்தே எஃப்7-ஐ வெட்டிச் செக், 40-க்குள் மேட்.

11-ல் சி6 ஆடுவது ஏன் நல்லது என்பதற்கு இதைவிடப் பாடம் தேவையில்லை. குதிரை டி5-ல் நிற்கும், பி3 பிஷப்பின் பாதை அடைபடும். பிறகு வெள்ளை டி4, கறுப்பு பிஷப் டி6, வெள்ளை யானை இ1, கறுப்பு ராணி எச்4. வெள்ளை ஜி3 ஆட வேண்டும். எச்3 ஆடினால் பிஷப் அதை வெட்டித் தாக்கும். கறுப்பு ராணி எச்3-க்குப் போனபின் பலரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். வெள்ளை ராணி எஃப்1-க்கு வந்து ராணிகளை மாற்றக் கேட்கும்போது ஒத்துக்கொள்கிறார்கள். தாக்குதல் போய், ஒரு சிப்பாய் குறைந்த எண்ட்கேம்தான் மிஞ்சும். மாற்றாமல் ராணியோடு எச்5-க்குப் பின்வாங்கு.

மார்ஷல் பல வருடம் இதை ஒளித்துவைத்திருந்தார் என்ற கதைக்கு வலுவான ஆதாரம் இல்லை. இந்தப் பலி 1918-க்கு முன்பே ஆடப்பட்டிருக்கிறது.

இந்த சி6 வரிசையில், கறுப்பு ராணி எச்3-க்குப் போனபின் 15-ல் வெள்ளை பிஷப் இ3 ஆடினால் கறுப்பின் அடுத்த மூன்று நகர்த்தல்கள் என்ன? புத்தகம் பார்க்காமல் எழுதி அனுப்பு.

அன்புடன்,
சேகர்